ராணி இல்லாத பவுண்

சம்பந்திகள் யாரும் இன்னும் வந்து சேராத இடத்தில் நிம்மதியாக இருக்கும் எங்கள் அருமை அத்தானுக்கு,

மஹய்யாவ வீட்டில் உங்கள் கதிரையில் இப்போது நான்தான் உட்காருகிறேன். அது முனகுகிறது. “அவரு இருந்தப்ப அது பேசினதே இல்ல” என்கிறாள் அக்கா. என் உடம்பைப் பற்றி இவ்வளவு நாசூக்காக இதுவரை யாரும் சொன்னதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் சம்பந்தி வந்திருந்தார். அவரேதான், நாவலப்பிட்டி இரும்புக்கடை முதலாளி. உங்கள் சாவுக்கு வந்து, இருந்த நேரமெல்லாம் மழையைத் திட்டிவிட்டுப் போன மனிதர், இப்போது கேக் பெட்டியோடு படியேறினார். அந்தக் கையிலிருந்து கேக் வருகிறதென்றால் சும்மாவா? உங்கள் பவுணைத் தேடித்தான் வந்தார்.

ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்தில் நீங்கள் கிளாக்கராக இருந்தபோது, ஊருக்குக் கிளம்பிய வெள்ளைக்காரத் துரை “பிள்ளைக்கு” என்று கொடுத்த காசு. அந்தப் பிள்ளை மலரின் கல்யாணத்தில் அதைத் தாம்பூலத் தட்டில் வைத்தீர்கள். நம் ஆட்களுக்குப் பவுண் என்றால் ஒரு பக்கம் ராஜாவோ ராணியோ, மறுபக்கம் குதிரையில் ஓர் ஆள். இந்தக் காசில் இரண்டும் இல்லை.

“என்னங்க இது, தலைப்பா கட்டின பொம்பள? ராணி எங்க, குதிர எங்க? பின்னால ஒரு நோஞ்சான் கோழி நிக்குது. எத்தன ரூவான்னுகூட எழுதல. முலாம் பூசின தகரத்த எங்கிட்டயேவா?”

சபை சிரித்தது. சம்பந்தி தட்டைத் தள்ளிவிட்டார். நீங்கள் காசைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு பந்திக்கு இலை போடப் போய்விட்டீர்கள். ஏன் அத்தான் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கவில்லை?

பிறகு வளையம் பற்றவைத்து அதை அக்காவின் சங்கிலியில் கோத்துவிட்டீர்கள். மாட்டிக்கொண்டது மலர்தான். அந்த வீட்டில் பால் திரிந்தாலும் “போலிக்காசு வீட்டுப் பொண்ணு” என்பார்கள்.

போன மாதம் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போக, அக்காவும் நானும் கண்டியில் ஒரு நகைக்கடைக்குப் போனோம். பழைய காசு சேர்க்கும் கொழும்புக்காரர் ஒருவர் அங்கே இருந்தார். பூதக்கண்ணாடியில் பார்த்தவர் எழுந்தே நின்றுவிட்டார். அமெரிக்காக்காரர்கள் ஆரம்ப காலத்தில் அடித்த தங்கக் காசாம்! ராஜாவை விரட்டிவிட்டதால் ராஜா தலையே வேண்டாமென்று சுதந்திரத்தைப் பெண்ணாக்கி, தலையில் ஒரு தொப்பியும் வைத்தார்களாம். பக்கத்திலேயே ‘லிபர்ட்டி’ என்று ஆங்கிலத்தில் எழுதியும் இருக்கிறது. நம் ஆட்களுக்குச் சுதந்திரம் எதிரே வந்து நின்றால் அடையாளம் தெரியுமா?

கோழி என்பது கழுகு. அலகில் இலைவளையம் பிடித்து ஓலை மட்டையில் நிற்கிறது. நோஞ்சான் என்று அந்த ஊரிலேயே கேலி செய்து பிறகு மாற்றிவிட்டார்களாம். ஆக, ஆயுளில் ஒரு தடவை சம்பந்தி சரியாகப் பேசியிருக்கிறார், அதுவும் கோழி விஷயத்தில். தங்கத்தின் எடைதான் மதிப்பு என்பதால் தொகையை எழுதவில்லை. அடித்ததே கொஞ்சம். தங்கத்தின் விலை காசின் மதிப்பைத் தாண்டியதும் வியாபாரிகள் அள்ளிக்கொண்டுபோய் உருக்கிவிட்டார்கள். அவர்களில் ஒருவனாவது நம் சம்பந்திக்கு முப்பாட்டனாக இருப்பான் என்பது என் ஆராய்ச்சி.

இதையெல்லாம் நான் யாரிடமும் மூச்சு விடவில்லை, பஸ்ஸில் வந்தவர்களைத் தவிர. அடுத்த வாரமே கேக் வந்துவிட்டது.

“அன்னைக்குத் தட்டுல வச்சது எங்களுக்குத்தானே சம்பந்தியம்மா? வச்சத எடுக்கிறது முறையில்ல.” அக்கா கழற்றிக் காட்டிய காசைப் பார்த்ததும் முகம் கறுத்தது. “எந்த மடையன் இந்த வளையத்த வச்சது? பாதி வெல போச்சே!”

“நீங்க அன்னைக்கே எடுத்திருந்தா வளையம் வந்திருக்காதுங்களே” என்றேன்.

“ஒங்கள யாரு கேட்டா?”

உண்மைதான், என்னை யாரும் எப்போதும் கேட்பதில்லை. ஆனால் அக்காவின் நிலைமை? கொடுத்தால் உங்கள் ஞாபகம் போகும். கொடுக்காவிட்டால் மலர் அந்த வீட்டில் எப்படி வாழ்வாள்? மாமனாரோடு வந்திருந்த மலரின் முகத்தைப் பார்த்தாள்.

“குடுங்கம்மா” என்றாள் மலர். சம்பந்தி கையை நீட்டினார். மலர் அக்கா கையிலிருந்த காசை எடுத்துத் தன் சங்கிலியில் கோத்துக்கொண்டாள்.

“அப்பா எனக்கு வச்சது. வளையத்தோடயே இருக்கட்டும். விக்கிறதா இல்ல மாமா.”

“பாதுகாப்பா பேங்குலயாவது வைக்கலாமேம்மா…”

“போலிக்காசுக்கு எதுக்கு மாமா பேங்கு?”

கேக் மட்டும் எங்களுக்கு மிஞ்சியது. இப்போது தினமும் மலர் குனிந்து தேத்தண்ணி வைக்கும்போதெல்லாம் காசு மாமனார் மூக்குக்கு நேரே ஆடுகிறதாம். விற்கவும் முடியாது, போலி என்று சொல்லவும் முடியாது. மனிதர் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருக்கிறாராம்.

ஒரு சத்தியம் செய்கிறேன் அத்தான். என் காலில் பலமிருக்கும்வரை நாவலப்பிட்டிக்குப் போவேன். கடையில் ஆள் நிறைந்திருக்கும் நேரம் பார்த்து, “மருமக கழுத்துல என்னங்க, புதுசா இருக்கு?” என்று ஒன்றும் தெரியாதவன்போலக் கேட்பேன். நீங்கள் கேட்காமல் விட்ட அந்த ஒரு வார்த்தைக்கு அவர் பதில் சொல்லும்வரை விடமாட்டேன்.

இப்படிக்கு,
உங்களுக்கும் சேர்த்து வாயடிக்கும்
மச்சினன்