அமாவாசைக்குக் கழுவிய குப்பிகள்

மே 6, திங்கள். திண்டிவனம்

கத்திரி வெயில். சென்னை ஆய்வகத்தில் கரண்ட் ரிப்பேர், அதனால் குப்பிகள் வீட்டு ஃபிரிட்ஜில். ஆழ்கடல் தரையில் மீத்தேன் கசியும் இடத்துச் சேற்றிலிருந்து பிழிந்த தண்ணீர். என் ஆராய்ச்சி மொத்தமும் அதில்தான். மறுபடி கப்பலில் இடம் கிடைக்காது.

கடைக்குப் போய் வருவதற்குள் போச்சு. நாளை அமாவாசை. அம்மா முட்டைகளைத் தூக்கிப் போட்டு ஃபிரிட்ஜைக் கழுவியிருக்கிறாள். நாற்றம் போகவில்லையாம். குப்பிகளையும் குழாயடியில் தேய்த்துவிட்டாள்.

"அழுவன முட்ட நாத்தம் கொடலப் புடுங்குது. இத வச்சிக்கினு எப்டிடி படைக்கிறது?"

"மூடியத் தொறந்தியா?"

"தொறக்கலடி."

நம்பவில்லை. கத்திவிட்டேன். பேச்சுவார்த்தை இல்லை.

மே 7, செவ்வாய்

விழுப்புரம். தோழி கலை வேலை பார்க்கும் கல்லூரி லேப். குளோரைடு பார்த்தோம். கடல்நீரைவிட ரொம்பக் குறைவு.

"இன்னாடி இது, கடல் தண்ணில உப்பக் காணோம்?" என்றாள் கலை.

கடலடியில் மீத்தேன் பனிக்கட்டி உருகி நல்ல தண்ணீர் கலந்தால் இப்படி வரும். எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர் கலந்தாலும் இப்படித்தான் வரும். மதியம் சாப்பிடவில்லை.

திரும்பும் பஸ். பக்கத்து சீட்டில் மல்லாட்டை உரித்துக் கடலையை மென்றுகொண்டே ஒருவர் போனில், "ஜல்தி வர்றேன்னு சொன்னனே!" விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டும்போது மண்டையில் உறைத்தது. சல்ஃபேட்! மீத்தேன் கசியும் சேற்றில் நுண்ணுயிர்கள் சல்ஃபேட்டைத் தீர்த்துவிடும். முட்டை நாற்றமே அதனால்தான். குப்பியில் சல்ஃபேட் இருக்கக் கூடாது. நம் குழாய்த் தண்ணீரில் நிறைய; கலந்திருந்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

வீட்டில் வடை ஆறிக் கிடந்தது. அம்மா டிவியைப் பார்த்தபடியே தட்டை நகர்த்தினாள்.

மே 8, புதன்

வீட்டுத் தண்ணீர் ஒரு பாட்டிலில். மறுபடி விழுப்புரம். ஒரு சொட்டு அமிலம், பிறகு பேரியம் குளோரைடு. சல்ஃபேட் இருந்தால் வெளுக்கும். குழாய்த் தண்ணீர் மோர் மாதிரி வெளுத்தது. குழாய்த் தண்ணீரைக் கொஞ்சமாகக் கலந்து வைத்த உப்புத் தண்ணீரும் கலங்கியது.

குப்பித் தண்ணீர்: தெளிவு. அடுத்தது, தெளிவு. எல்லாமே தெளிவு. நாற்றம் மட்டும் லேப் முழுக்க. கலை ஜன்னலைத் திறந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பாடா.

அம்மா திறக்கவே இல்லை.

வரும் வழியில் முட்டை வாங்கினேன்.

"அம்மா, நீ தொறக்கலதான். கத்தினது தப்பு."

பையை எட்டிப் பார்த்தாள். "இன்னிக்குக் கிருத்திகடி. உள்ள கொண்டாராத."

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. முட்டை இப்போது ஸ்கூட்டி டிக்கியில்.