புளிக்காத கோங்குரா

இன்று காலை ராஜம்மா ஆன்ட்டி ஓர் ஊறுகாய் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தார். நன்றாகக் கழுவிக் காயவைத்த பாட்டில். ஆனாலும் மூடியைத் திருகியதும் கோங்குரா என்கிற புளிச்சக்கீரை ஊறுகாயின் புளிப்பு மூக்கில் ஏறியது. அடியில் கொஞ்சம் விதைகள். மிளகைவிடச் சிறியவை. சாம்பல் நிறம். மேலே பழுப்புக் கோடுகள், யாரோ மெல்லிய பேனாவால் கிறுக்கியது போல.

"மேல் ஊட்டுத் தம்பியோட கீரை விதைம்மா," என்றார். "மாடியில வெச்சினு இருந்துச்சே, அந்தப் புளிக்காத கோங்குரா. பரண காலி பண்ணும்போது கெடச்சுது."

அங்கிள் ரிட்டையர் ஆகிவிட்டார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுத் திருத்தணிப் பக்கம் சொந்த ஊருக்குப் போகிறார்கள். பிற்பகல் டெம்போ வருகிறது.

"பாதி உனக்கு. பாதி நான் எடுத்துகினு போறேன். ஊட்டுக்குப் பின்னாடி எடம் சும்மாதான் கீது. போட்டு வெச்சா தம்பி ஞாபகமா இருக்கும்."

சரி என்று தலையாட்டினேன். கதவைச் சாத்திய பிறகுதான் அவர் சொன்னது முழுதாக உள்ளே இறங்கியது. ஆன்ட்டி ஊரில் கஞ்சா விதைக்கப் போகிறார். கீரை என்று நினைத்துக்கொண்டு.

சமையலறைத் தரையில் உட்கார்ந்து இதை உனக்கு எழுதுகிறேன். டெம்போ வருவதற்குள் கீழே போய்ச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் நீ உண்டாக்கிய செடி எங்கோ ஒரு கொல்லையில் முளைக்கும், பூக்கும். ஒருநாள் யாராவது பார்ப்பார்கள். அந்த வீட்டு வாசலில் போலீஸ் நிற்கும். ஆன்ட்டிக்கு என்ன கேட்கிறார்கள் என்றே புரியாது.

சொன்னால் செடி இல்லை.

உன்னிடம் கேட்காமல் எப்படிப் போவது என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

*

நீ இதை ஒருமுறைகூடப் புகைத்ததில்லை. யாருக்கும் கொடுத்ததும் இல்லை. ஊதுபத்தி ஏற்றினாலே வாசலுக்கு ஓடுகிறவன். சட்டைப் பையில் எப்போதும் இன்ஹேலர். பேனா வைக்க இடமில்லாமல் என்னிடம் கடன் வாங்குவாய்.

நான் முதல் மாடி, நீ இரண்டாம் மாடி. நம் இருவர் அப்பாக்களுக்கும் ஒரே ஷிப்ட். வேலப்பன்சாவடிக் கல்லூரிக்கு ஒரே பஸ். நீ தாவரவியல், நான் இலக்கியம். என்னை நீ பெயர் சொல்லி அழைத்ததாக நினைவில்லை. மாமே. பெண்ணை அப்படி அழைக்கக் கூடாது என்று என் அம்மா ஒருமுறை கண்டித்தபோது, "சரிங்க அத்தை," என்று பணிவாகச் சொல்லிவிட்டு, "வா மாமே, பஸ் போயிடும்," என்றாய்.

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் முதல் செடியைக் காட்டிய நாள். என் இடுப்பளவு வளர்ந்திருந்தது.

"இது இன்னாடா?"

"கஞ்சா," என்றாய். வெண்டைக்காய் என்று சொல்லும் குரலில்.

இது மத்திய அரசுக் குடியிருப்பு. மாடியிலிருந்து பார்த்தால் அப்பாக்கள் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் துப்பாக்கி வைத்த காவல்.

"எவனாச்சும் பாத்தா ரெண்டு ஊடும் காலி. உங்கப்பாக்கு வேலை போவும். எங்கப்பாக்கும் போவும். கத்தரிக்கா வளக்கக் கூடாதா நீ?"

"கத்தரிக்காய எல்லாரும் பாத்துட்டாங்க மாமே. இது பூக்கறத எவன் பாத்தான்? பொட்டலத்துலதான பாத்திருப்பான்."

அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. இன்றும் போதவில்லை. ஆனால் மறுநாள் மாலையும் மாடிக்கு வந்தேன்.

*

அது பூக்கவில்லை.

தொட்டியைத் தாண்டித் தலைகாட்டியது. நுனியைக் கிள்ளினாய். பக்கவாட்டில் படர்ந்தது. இலையைக் கசக்கினால் நார்த்தங்காய் இலையின் வாசனை. அந்த வாசனைக்காகவே அதை உனக்குப் பிடித்தது. ஆனால் பூ மட்டும் இல்லை. மாதக்கணக்கில் இல்லை.

ஒரு மாலை நீ மதிலையே பார்த்துக்கொண்டு நின்றாய். மதில்மேல் வரிசையாக விளக்குகள். பொழுது சாயும்போது எரியத் தொடங்கினால் விடியும்வரை அணையாது. நம் மாடி முழுக்க அந்த வெளிச்சம்தான். பிறந்ததிலிருந்து பார்ப்பதால் அது நமக்கு வெளிச்சமாகவே தெரிந்ததில்லை.

"ராத்திரி நீளமானாதான் இது பூக்கும்," என்றாய். "இந்த ஏரியாவுல ராத்திரியே கெடையாது."

பிறகு நீலப் பெயின்ட் வாளி வந்தது. சின்னச் செடி ஒன்றின்மேல் அதைத் தினமும் மாலை ஐந்து மணிக்குக் கவிழ்ப்போம். காலையில் எடுப்போம். அதற்கு நாம் வைத்த பெயர், இருட்டு போடுவது. பஸ்ஸில் நாலு பேர் நடுவே நீ கேட்பாய், "மாமே, நேத்து நான் டியூசன் போயிட்டேன், நீ இருட்டு போட்டியா?" பக்கத்தில் நிற்பவர்கள் நம்மைப் பார்ப்பார்கள்.

செடி நம்பியது. வாளிக்குள் இருந்ததை மழைக்காலத்து நீள இரவு என்று நம்பிப் பூத்தது.

*

இன்னொரு வகை இருக்கிறது என்று உனக்கு யாரோ சொன்னார்கள். ஐயப்பன்தாங்கல் டிப்போ பக்கம் அறை எடுத்திருந்த சீனியர் ஒருவனிடமிருந்து ஒரு காகித மடிப்பில் நாலைந்து விதை வாங்கி வந்தாய். அது இருட்டுக்காகக் காத்திருக்காது. வெளிச்சம் எவ்வளவு இருந்தாலும் தனக்கென்று ஒரு வயது வந்தால் பூத்துவிடும். முழங்கால் உயரம். சில வாரங்களில் எல்லாம் முடிந்துவிடும்.

"கிளையை வெட்டி நட்டு வெச்சிக்கலாமே," என்று கேட்டேன்.

"கிளைக்கும் அதே வயசுதான் மாமே. அம்மா பூக்கற அன்னிக்கு அதுவும் பூத்துட்டுப் போயிடும். விதை ஒண்ணுதான் வழி."

குட்டிச்செடிக்கு வாசனை இல்லை, ஈரப் புல் போல ஏதோ. நார்த்தங்காய் வாசனையும் வேண்டும், தன் வயதைத் தானே அறிந்த உடம்பும் வேண்டும். இரண்டையும் ஒரே செடியில் வரவழைப்பதுதான் உன் ஆசை. பட்ட மேற்படிப்புக்கு வேளாண் கல்லூரியில் இடம் கிடைக்காத வருடம் அது. அதைப் பற்றி நீ பேசவே இல்லை. மாடியில் மட்டும் அதிக நேரம் நின்றாய்.

ஆண்செடியின் மகரந்தம் உன் மூச்சுக்கு ஆகாது. எனவே என் கண்மை பிரஷ். நீ படிக்கட்டருகே கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு நின்றபடி ஆணையிடுவாய். "மெதுவா. துடைக்காத, தொடு. காலேஜுக்குக் கிளம்பற மாதிரி அவசரப்படாத." நான் தொட்டேன். உன் செடிகளுக்குக் கல்யாணம் செய்துவைத்தது என் கை.

பிறந்த பிள்ளைகள் எல்லாம் பெரிய செடியைக் கொண்டு பிறந்தன. ஒன்றுகூட வெளிச்சத்தில் பூக்கவில்லை. எல்லாம் வீண் என்று நினைத்தேன். நீ சிரித்தாய். குட்டியின் குணம் உள்ளே ஒளிந்திருக்கிறது, பேரப்பிள்ளைகளில் சிலதில் வெளியே வரும் என்றாய். மறுபடியும் வாளிகள். மறுபடியும் ஐந்து மணி. மறுபடியும் பிரஷ்.

பேரப்பிள்ளைகளுக்கு நாம் இருட்டு போடவில்லை. காத்திருந்தோம்.

இரண்டு பூத்தன. மதில் விளக்கு முகத்தில் அடிக்க, வெளிச்சத்துக்கு நடுவே. ஒன்று ஆண், ஒன்று பெண். நீ பெண்செடியின் இலையைக் கசக்கி என் மூக்கருகே நீட்டினாய். நார்த்தங்காய்.

தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாய். எனக்கு உன் முகம் அன்றைக்கு இருந்ததுபோலத்தான் இன்னும் இருக்கிறது.

*

அந்த இரண்டையும் பிரஷால் சேர்த்துவைத்தேன். விதை முற்றச் சில நாள்களே இருந்தன. ராஜம்மா ஆன்ட்டி மாடிக்குத் துணி உலர்த்த வந்தார்.

அன்று மாலை கையில் கிண்ணத்தோடு உன் வீட்டுக்கு வந்தார். நான் அங்கேதான் இருந்தேன்.

"இன்னா தம்பி, தொட்டிக்குப் பின்னாடி கோங்குரா போட்டுகினு கீற, ஒரு வார்த்த சொல்லலியே. கீரைன்னா எனக்கு உசுருன்னு தெரியாதா? அப்படியே வேரோட எடுத்தாந்தேன்."

விரல் விரலாக விரிந்த இலை. புளிச்சக்கீரைக்கும் அதே கைதான். தெலுங்கு பேசும் வீட்டில் பிறந்தவர் அதைப் பார்த்தால் வேறு என்ன நினைப்பார்.

உன் முகத்தில் ரத்தம் இல்லை. "ஆன்ட்டி, தண்டு?"

"குப்ப வண்டியில போட்டுட்டேன். ஆனா ஒண்ணு சொல்றேன் தம்பி, கோச்சுக்காத. அது நல்ல கோங்குரா இல்ல. புளிப்பே இல்ல. ரெண்டு தபா புளி கரைச்சு ஊத்தினேன், அப்பவும் ஏறல. கொட்டிட்டேன். இந்தா, இது கடையில வாங்குனது, இது எப்படிப் புளிக்குது பாரு."

கிண்ணத்தை உன் கையில் வைத்துவிட்டுப் போனார்.

நீ அழுவாய் என்று நினைத்தேன். இரண்டு வருட உழைப்பு. ஆண்செடியும் அதற்குள் காய்ந்துவிட்டிருந்தது. நீ கிண்ணத்தைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். "புளிப்பே இல்லையாம்," என்றாய். சிரிக்க ஆரம்பித்தாய். சிரித்துச் சிரித்து இழுப்பு வந்து, இன்ஹேலரை எடுத்து அடித்துக்கொண்டு, மூச்சு திரும்பியதும் மறுபடியும், "புளி கரைச்சு ஊத்தினாங்களாம் மாமே."

திரும்ப ஆரம்பிக்கலாம் என்றாய். மழை விட்டதும்.

மழை விடுவதற்குள் உன் மூச்சு நின்றுவிட்டது. ஆஸ்பத்திரி, ஆக்சிஜன், அதெல்லாம் உனக்குத் தெரியும். தெரியாததைச் சொல்கிறேன். உன் அம்மா அப்பா அந்தத் தை மாதமே ஆரணிக்கு வீடு மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். குவார்ட்டர்ஸ் ஆபீஸில் மாடிக்குப் புதுப் பூட்டு போட்டார்கள். சாவி கேட்க எனக்குக் காரணம் இருக்கவில்லை.

*

கீழே போய்விட்டு வந்துவிட்டேன்.

ஆன்ட்டி சாமான்களை மூட்டையாகக் கட்டிக்கொண்டிருந்தார். அங்கிள் கீழே டெம்போக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார்.

"ஆன்ட்டி, அந்த விதை கோங்குரா இல்ல."

"அப்ப இன்னா கீரை?"

"கீரையே இல்ல. கஞ்சா."

கயிற்றை இழுத்துக்கொண்டிருந்த கை நின்றது. வாசலை எட்டிப் பார்த்தார். பிறகு மூட்டைமேலேயே உட்கார்ந்தார்.

"அந்தப் புள்ளைக்குப் பொகையே ஆவாதேம்மா."

"பொகைக்கு இல்ல ஆன்ட்டி. அது பூக்கறதப் பாக்கணும்னு வளத்தான். வெளிச்சத்துல பூக்கற மாதிரி ஒண்ண அவனே உண்டாக்கினான். நீங்க பிடுங்குனது அதத்தான்."

அவர் முகம் சுருங்கியது. "பாவி நான். அன்னிக்கு அந்தப் புள்ள மூஞ்சி செத்துப்போச்சு, கவனிச்சேன். ஒரு கீரைக்கா இப்படின்னு நெனச்சேன். அதான் முறத்துல உதுந்த விதைய எடுத்து வெச்சேன், குடுக்கலாம்னு. அப்பறம் குடுக்க ஆள் இல்ல."

அவர் தரையையே பார்த்திருந்தார். பிறகு அவர் உதட்டோரம் ஏதோ அசைந்தது.

"அதான் புளிக்கல."

நான் சிரித்துவிட்டேன். அவரும். சிரித்தபடியே என் கையைப் பிடித்துக் கிட்டே இழுத்தார்.

"கொட்டிட்டேன்னு சொன்னேன்ல, கொட்டல. அவரு ரெண்டு தபா கேட்டு வாங்கித் துன்னாரு. மறுநாள் சாயங்காலம் வரைக்கும் எழுந்திரிக்கல. நைட் ஷிப்ட் அசதின்னு நெனச்சுகினேன். அவராண்ட சொல்லிடாத."

இதைக் கேட்க நீ இருந்திருக்க வேண்டும். இன்ஹேலர் ஒன்று போதாது உனக்கு.

மாத்திரைக் கவர் ஒன்றில் மடித்து வைத்திருந்த தன் பாதியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். "நீயே வெச்சிக்க. ஆனா போடாதம்மா." டெம்போ கிளம்பும்போது முன்சீட்டிலிருந்து மாடியைத்தான் பார்த்தார். என்னை இல்லை.

*

இரண்டு பாதியும் இப்போது ஒரே பாட்டிலில்.

நான் விதைக்கப் போவதில்லை. அப்பாவுக்கு இன்னும் சர்வீஸ் இருக்கிறது. எனக்கு உன் தைரியம் எப்போதும் இருந்ததில்லை, பிரஷ் பிடிக்கும் தைரியம்தான். வருடம் போகப் போக விதையின் உயிர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் என்று நீ சொல்லியிருக்கிறாய். ஈரம் படாதவரை இந்த வகைக்கு வயது தொடங்காது என்றும் சொல்லியிருக்கிறாய். இரண்டும் உண்மைதான். நான் இரண்டையும் வைத்துக்கொள்கிறேன்.

ஒன்றை எடுத்து நகத்தால் கீறிப் பார்க்கலாமா என்று தோன்றியது. அந்த வாசனை விதையில் இருக்காது, இலையில்தான். உன்னிடம் கற்றது. கீறவில்லை.

ஐந்து மணி ஆனால் என் கை இன்னும் எதையாவது மூடத் தேடும். பால் பாத்திரம். ஜன்னல். திறந்து கிடக்கும் புத்தகம். அம்மா அதைக் கவனித்து, என்னடி பழக்கம் என்று கேட்பாள். இன்று இந்தப் பாட்டிலைப் பழைய துப்பட்டாவில் சுற்றி அலமாரியின் உள்மூலைக்குத் தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

வெளியே மதில் விளக்குகள் எரியத் தொடங்கிவிட்டன. உள்ளே உன் விதைகளுக்கு ராத்திரி.