விலாசம் மட்டும் மிஞ்சிய படம்

அன்பு மகளுக்கு,

உன் சித்தப்பா எழுதுவது. இங்கே நான், சித்தி, உன் அப்பா, அம்மா நால்வரும் சுகம், கம்ப்யூட்டருக்கு மட்டும் சுகமில்லை, அதற்குக் காரணம் நான்தான் என்று வீடே சொல்கிறது. நீயும் நலமாக இருப்பாய், இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரையாவது இரு.

புது வீட்டுச் சுவரில் மாட்ட உன் அம்மா சிரிக்கிற படம் கேட்டாய் அல்லவா. முன்பல் கோணல் என்று முப்பது வருடமாகக் கேமராவைக் கண்டாலே வாயைப் பொத்திக்கொள்கிறவரை, ஈரேழு உலகிலும் ஈடில்லாத படக்காரனான நான் போன ஞாயிறு மடக்கிவிட்டேன். ஸ்டூலில் ஏறிக் கோணம் பார்த்தவன் கால் தவறிச் சோபாவில் விழுந்தேன், விழுகிற வேகத்தில் விரல் அழுத்திவிட்டது, அண்ணி அத்தனை பல்லும் தெரியச் சிரிக்கிறார். ஆனால் கேமராக் கடைக்காரர் பேச்சைக் கேட்டு ரா ஃபைலாக, அதாவது இன்னும் படமாகப் பக்குவப்படாத பச்சைக் கோப்பாக, எடுத்துத் தொலைத்தேன், அதுலதான் சார் எல்லாம் இருக்கும் என்றார். எல்லாம் இருந்தது, திறக்கத்தான் வழியில்லை. அதைப் படமாக மாற்றி அடுக்கிவைக்கத் தனி சாஃப்ட்வேர் வேண்டுமாம். ஒன்று மாத வாடகை கேட்கிறது, ஒன்று இலவசம், ஆனால் அத்தனை பொத்தானை விமானிகூடப் பார்த்திருக்க மாட்டான், மூன்றாவது கேமராவோடு வந்தது, ஒரு படம் திறப்பதற்குள் எனக்கு மீசை நரைத்தது. எது நல்லது என்று புரியாமல் மூன்றையும் ஏற்றினேன். மூன்றிலும் உன் அம்மா தெரிந்தார். கம்ப்யூட்டர் ஃபோல்டரிலும் பெயர்ப் பட்டியலாக 614 படம். ஆக எல்லாமே நாலு நாலு இருக்கிறது என்று கணக்குப் போட்டேன். ஏங்க, ஒரே படத்தை எதுக்கு நாலு இடத்துல குப்பையா வச்சிருக்கீங்க என்றாள் சித்தி. படங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றியதுமே மெமரி கார்டைத் துடைத்து அழித்திருந்தேன், இப்போது முகமே தெரியாத அந்த ஃபோல்டரையும் அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். அடுத்த நிமிடம் மூன்று சாஃப்ட்வேரிலும் தபால்தலை அளவு நிழலும் அதன்மேல் கேள்விக்குறியும்தான்.

பக்கத்துத் தெரு ரிப்பேர்க்காரர் வந்து பார்த்துத் தலையில் கை வைத்தார். சார், சாஃப்ட்வேர்ல இருந்தது படமில்ல, படம் இருக்கிற இடத்தோட விலாசம், நீங்க வீட்டை இடிச்சிட்டு விலாசத்தைப் பத்திரமா வச்சிருக்கீங்க என்றார். கார்டில் புதிதாக ஒரு படமும் எடுக்காமலிருந்தால் பழையதைத் தோண்டி எடுக்கலாமாம், அதற்கு நாலாவதாக ஒரு சாஃப்ட்வேர் உண்டாம். நாலாவதா! கும்பிட்டு அனுப்பிவிட்டேன்.

உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். பாதிதான் புரிந்திருக்கும். அதுக்கென்ன தம்பி, பிள்ளை கேட்டிருக்கா, இன்னொன்னு எடுத்துக்கங்க என்று தலைவாரி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பல் தெரியச் சிரிக்கவும் முயன்றார், மகளே. வாயைப் பொத்தவில்லை, கையை மடியிலேயே வைத்திருந்தார். எனக்கோ அழுத்தினால் பழைய சிரிப்பு அழிந்துவிடுமோ என்று பயம், கார்டைக் கழற்றிவிட்டு வாயாலேயே க்ளிக் என்றேன். எப்படி வந்திருக்கு என்றார். நேராக உங்கள் மகளுக்கே அனுப்புகிறேன், அவள்தான் காட்டுவாள் என்று சொல்லிவிட்டேன்.

ஆகவே கார்டு இதோடு பஞ்சில் சுற்றி வருகிறது. கேமராவில் போடாதே, ஒரு படமும் எடுக்காதே, தெரிந்தவரிடம் கொடுத்துத் தோண்டு. நான் எந்த சாஃப்ட்வேர் வைத்துக்கொள்வது என்றும் எழுது, ஒரே ஒரு பெயர், காரணம் வேண்டாம், காரணம் படித்துத்தான் இந்தக் கதி. வேளைக்குச் சாப்பிடு. எல்லா நலமும் உன்னைத் தேடி வரட்டும். அம்மா தினமும் பிள்ளைக்குப் படம் போய்ச் சேர்ந்துச்சா என்று கேட்கிறார், நானும் தினமும் வழியில் இருக்கிறது என்கிறேன், தபாலில் போடுவது இன்றுதான்.

உன் வரவை விட உன் பதிலை எதிர்பார்க்கும்,
சித்தப்பா