குளியலறையில் கழுவிய படம்

அன்பு மகளுக்கு,

போனில் அம்மா ஏன் முகம் காட்டுவதில்லை என்று நேற்றும் கேட்டாய். கமரா பழுதென்று சொல்லச் சொன்னது அவள்தான்.

இந்த வருடம் எனக்கொரு புதுப் பைத்தியம். அச்சுவேலியில் பழைய பிலிம் கமரா ஒன்று வாங்கினேன். குளியலறை யன்னலைப் போர்வையால் மூடிவிட்டு, படங்களை நானே கழுவுகிறேன். வெறுந்தாளில் உருவம் மெல்ல எழும்போது இந்த வயதிலும் நெஞ்சு படபடக்கிறது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த நாட்களில் எனக்கு இருந்த ஒரே ஆறுதல் அதுதான்.

போன கிழமை அம்மா தலைத்துணியைக் கழற்றிவிட்டு என் முன்னால் வந்து இருந்தாள்.

"என்னையும் ஒருக்கால் எடுங்கோ."

கழுவும்போதும் பக்கத்திலேயே இருந்தாள். சிவப்பு வெளிச்சத்தில் முதலில் கண்கள் வந்தன. பிறகு ஒட்டிய கன்னம், முடியில்லாத தலை. நான் மறைக்கப் பார்த்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்கோ. நான் கண்ணாடி பாத்துக் கனகாலம்."

நெடுநேரம் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "இதைப் பிள்ளைக்கு அனுப்புங்கோ. வந்து நிண்டு, ஆரெண்டு தெரியாமல் முழிக்கக்கூடாது."

படத்தை இதனுடன் வைத்திருக்கிறேன். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டிசம்பரில் நத்தாருக்கு வருவதாகச் சொன்னாய், மகள். அதுவரை காத்திராதே.

உன் அப்பா