வெத்தலையில எரிஞ்ச கற்பூரம்

புக்கிட் பாத்தோக், சிங்கப்பூர்
செவ்வாக்கெழம

சம்பந்தியம்மா பூவம்மா அவங்களுக்கு,

உங்க மருமக நிரஞ்சனாவோட பெரியம்மா வைரம்மா கும்பிட்டு எழுதிக்கிறது. காளியாத்தா புண்ணியத்துல இங்க எல்லாரும் இருக்கோம். நல்லா இருக்கோம்னு எழுத கை வரல. போன் போட்டா கட் பண்ணிடுறீங்க. அதான் நாளைக்கு ஊருக்கு வர்ற தங்கராஜு அண்ணன்கிட்ட குடுத்து விடுறேன். நீங்களே படிங்க, பக்கத்து வீட்டுப் பொண்ண வச்சுப் படிக்காதீங்க. கோடாலித் தைலமும் வச்சிருக்கேன். கோவம் வேற, மொற வேற.

பாலிகிளினிக் டெஸ்ட்ல நிரஞ்சனாவுக்கு எச்பிவி கிருமி இருக்குன்னு வந்துச்சு. கேன்சர் இல்லைங்க. கருப்பை வாயில கிருமி இருக்கு, பெரிய ஆஸ்பத்திரியில நல்லா பார்க்கணும், இப்பவே பார்த்தா முத்த விடாம தடுத்துரலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க. குடும்பம் நடத்துற முக்காவாசிப் பேருக்கு எப்பயாவது வந்து போறதுதானாம்.

அதுக்கு நீங்க உங்க மகன் சேதுபதிகிட்ட என்ன சொன்னீங்க? ஊர் மேஞ்சவளுக்கு வர்ற சீக்கு, தனித்தட்டு வையின்னு. அந்தப் புள்ள ஒரு வாரமா கடையில பொட்டலம் கட்டித் தர்ற பிளாஸ்டிக் டப்பாவுல சோறு தின்னுச்சு. தட்டுல ஒட்டுற கிருமி இல்லன்னு டாக்டரம்மா சொல்லியும்! 

அது பத்தாதுன்னு, தப்புத்தண்டா எதுவும் பண்ணலன்னு கோயில்ல சத்தியம் பண்ணிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போகணும்னீங்க. அதனால பெரிய ஆஸ்பத்திரியில குடுத்த தேதி ஒன்னு தவறிப்போச்சு. போன வெள்ளிக்கெழம மாப்பிள்ள அவள இங்க தேக்கா பக்கம் இருக்கிற காளி கோயிலுக்குக் கூட்டிட்டு வந்தாரு. நானும் போனேன். தேங்கா ஒடைக்கிற எடத்துல வெத்தல மேல கற்பூரத்த ஏத்தி, "அம்மா சொல்லிட்டாங்க லா, அணைச்சு சத்தியம் பண்ணு"ங்கிறாரு. இத்தன வருஷமா ஆத்தாளுக்கு வெளக்குப் போடுறேன், அவ வாசல இப்படி அசிங்கப்படுத்தி நான் பார்த்ததில்ல. சீ!

புள்ள கைய நீட்டுச்சு. தட்டி விட்டேன். "மாப்பிள்ள, இது ரெண்டு பேர் விசயம். மொதல்ல நீங்க அணைங்க"ன்னேன்.

உங்க மகன் கை நீளல, சம்பந்தியம்மா. கால் பெருவெரலையே பார்த்துக்கிட்டு நின்னாரு. கற்பூரம் தானா தீந்து வெத்தல கருகுற வரைக்கும் நின்னாரு.

நான் எதுவும் கேக்கல. நீங்களும் கேக்காதீங்க. அந்தக் கிருமி வருஷக்கணக்கா சத்தமில்லாம கெடக்குமாம், யார்கிட்டருந்து யாருக்கு வந்துச்சுன்னு டாக்டராலயே சொல்ல முடியாதாம். மாப்பிள்ளைக்கு என்ன நியாயமோ அதே நியாயம்தான் எம்புள்ளைக்கும்.

அடுத்த வாரம் புதன்கெழம புதுத் தேதி. நானே கூட்டிட்டுப் போறேன். மகனுக்குப் போன் போட்டு அதையும் கெடுத்துறாதீங்க.

இன்னொன்னு. கல்யாணத்துக்கு வந்தப்ப, மாசவெலக்கு நின்னு போய் இத்தன வருஷம் கழிச்சும் அப்பப்ப தீட்டுப் படுதுன்னு என் காதுல மட்டும் சொன்னீங்க. அது எங்கிட்டயே இருக்கு. பேர் சொல்லாம டாக்டரம்மாகிட்ட கேட்டேன். காத்திருக்க வேணாம், உடனே போயிக் காட்டச் சொல்லுங்கன்னாங்க. அரசாங்க ஆஸ்பத்திரியில பொம்பள டாக்டருங்க இருப்பாங்க, போங்க. கூச்சப்படாதீங்க. உங்கள யாரும் கற்பூரம் அணைக்கச் சொல்ல மாட்டோம். தனித்தட்டும் வைக்க மாட்டோம்.

எம்புள்ளையையும் உங்களையும் ஆத்தா ஒரே கையால காப்பாத்தட்டும்.

இப்படிக்கு
வைரம்மா