பேய்க்குப் பிள்ளையார் சுழி

புதன்கிழமை.

எங்கள் கல்லூரிப் பேய்ப்படத்தின் போஸ்டர், டிக்கெட், ஃப்ளெக்ஸ் எல்லாவற்றிலும் ஒரே கறுப்பு, ஒரே சிவப்பு எழுத்து, ஒரே பேய்முகம். ஒரு புள்ளிகூட மாறக்கூடாது என்று குழுவை ஒரு மாதம் வதைத்தவன் நான். இன்று கீழவாசல் அச்சுக்கடையில் ஃப்ளெக்ஸை விரித்தால், பேயின் தலைக்கு மேலே மஞ்சளில் பிள்ளையார் சுழி.

"யாருண்ணே இதைப் போடச் சொன்னது?"

"சுழி போடாம நான் எதையும் மெஷின்ல விடமாட்டேன் தம்பி."

நாளை திரையிடல். மறுபடி அடிக்க நேரமில்லை.

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும்னு நீதானே சொன்னே?" என்றாள் பேயாக நடித்த கயல்விழி.

மாலை முழுக்க மஞ்சள் பெயிண்டும் கையுமாக எல்லாப் போஸ்டரிலும் சுழி போட்டேன். கடைசியை பஸ் ஸ்டாண்டில் ஒட்டிவிட்டுத் திரும்பினால், ஒரு அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, பேயைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

இவரை நாளை எப்படிப் பயமுறுத்துவது?