வருகைத் தாளில் போட்ட கையெழுத்து

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, தம்பி பட்டறைக்குப் போய்வருகிறான். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

நம் ஊர்ச் சமாதானப் பேச்சில் பெண்கள் உட்கார்ந்திருக்கும் படத்தை எங்கள் அலுவலக அறிக்கையின் அட்டையில் போடப்போகிறோம், நடுவில் இருப்பது என் அம்மா என்று எல்லோரிடமும் சொன்னேன் என்று எழுதியிருந்தாய். படித்ததும் உன் கடிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன், உன் மேல் கோபமில்லை கண்ணு, நடந்ததைக் கேள். அந்தப் பேச்சுக்குப் பெண்கள் நாங்கள் பதினொரு பேர் போனோம், கேட்டது ஒன்றே ஒன்று, சோதனைச் சாவடியில் பெண்களைப் பெண் காவலர்தான் சோதிக்க வேண்டும். எதிர்வீட்டுத் தையல்காரியின் மகள் இருக்கிறாளே, அங்கே ஆண்கள் அவள் மேல் கைவைத்துச் சோதித்த நாளிலிருந்து கல்லூரிக்குப் போகவில்லை, நான்கு மாதம் ஆயிற்று, இந்தப் பரீட்சையும் எழுதாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். வாசலிலேயே வருகைத் தாள் என்று ஒன்றை நீட்டினார்கள், மேல்பாதி வெறுமையாக இருந்தது, முப்பது வருடம் பாடம் நடத்திய நான் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டேன், என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். படம் எடுத்து முடிந்ததும் சமாதானக் குழுத் தலைவர், அதுதான் நாம் சோடாபுட்டி என்போமே அவர், அம்மாங்கல்லாம் கொஞ்சம் வெளிய இருங்க, டீ வரும், உள்ள முக்கியமான விஷயம் பேசணும் என்றார். எங்கள் மானம் முக்கியமில்லையாம். மறுநாள் ஒப்பந்தத்தைச் சுவரில் ஒட்டினார்கள், நாங்கள் கேட்ட வரி இல்லை, ஆனால் எங்கள் தாளைக் கடைசியில் சேர்த்து, மேலே 'பெண்களும் கலந்து பேசிச் சம்மதித்தனர்' என்று அடித்திருக்கிறார்கள். ஒப்புக்குச் சப்பாணியாக உட்காரவைத்தது போதாதென்று இதுவேறு. கேட்கப் போனால், எப்பவும் இப்படித்தாம்மா, மேலிடத்துக்குப் பொம்பளைங்க கையெழுத்து காட்டணும்ல என்று சிரிக்கிறார். தூ.

அந்த மேலிடம், இந்தக் குழுக்களை மேற்பார்வை பார்க்கும் உன் அலுவலகம்தான் என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அறிக்கை அச்சுக்குப் போகுமுன், அவர்கள் சம்மதிக்கவில்லை என்று நீயே எழுது, பதினொரு பேரின் மறுப்பையும் இத்துடன் வைத்திருக்கிறேன். உன் வேலைக்கு இடைஞ்சல் வரும், வந்தால் வரட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்தப் பெண் தினமும் காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி, தெருமுனை வரை போய்த் திரும்பி வருகிறாள், நான் ஜன்னலில் நின்று பார்க்கிறேன்.

நன்றாக இரு, நூறு வயது இரு. பல் வைத்தியரைப் பார்க்க மறக்காதே. அட்டையிலிருந்து அந்தப் படத்தை நீக்கியாயிற்று என்று ஒரு வரி எழுது, அதுவரை யாரிடமும் என்னை உன் அம்மா என்று பெருமையாகச் சொல்லாதே.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா